‘சத்தான’ என்று பலகையில் எழுதிய பிறகு

அகராதி வேலையில் இருக்கும் மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

ஆலை கேண்டீனில் சமைக்கும் உங்கள் மாமனார் எழுதுவது. அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நான் அப்படி இல்லை.

போன வாரம் வந்தபோது என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு, "ரொம்ப சத்தான சாப்பாடு மாமா, பலகையில எழுதிப் போடுங்க" என்றீர்களே, அகராதி எழுதுகிறவர் வாயிலிருந்து வந்த சொல்லாயிற்றே என்று உச்சி குளிர்ந்து, கேண்டீன் வாசலில் ‘இன்று சத்தான சாப்பாடு’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன். வினையை விலைக்கு வாங்கினேன். வரிசையில் நின்ற வெல்டர் அதைப் படித்துவிட்டு, "என்ன மாஸ்டர், உப்பைக் குறைச்சிட்டீங்களா?" என்றார். நேற்றுப் போட்ட அதே உப்புதான் என்று தலையிலடித்துச் சத்தியம் செய்தேன். பின்னால் நின்றவர், "எங்க வீட்லயும் இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. சத்தானதுன்னா கேள்வி கேக்காம முழுங்குன்னு அர்த்தம்" என்றார். வரிசை மொத்தமும் எதிர்க் கடைக்குப் போய்விட்டது. மறுநாள் காரத்தைக் கூட்டினேன், மருந்து வாடை அடிக்கிறது என்றார்கள். பலகையை அழித்தேன், "இப்ப சொல்லாமலே போடுறாரு" என்றார்கள். சனிக்கிழமைக்குள் கூட்டம் திரும்பாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

இதைக்கூடத் தாங்கிக்கொள்வேன் மாப்பிள்ளை. வீட்டில் சொல்லி அழுதால் உங்கள் மாமியார் வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினாள். "ருசியா இருந்தா ருசின்னு சொல்லியிருப்பாரு. பாவம், மரியாதை தெரிஞ்ச பிள்ளை!" அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆயுசு முழுக்க அடுப்படியில் நின்றவன் நான். நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கலாம். உங்கள் அகராதியில் அந்தச் சொல்லுக்கு ‘உடலுக்கு வலுவூட்டும்’ என்று போட்டிருக்கிறதாமே! அதை அடித்துவிட்டு, ‘ருசி இல்லாத இடத்தில் மரியாதைக்காகச் சொல்வது’ என்று அடுத்த பதிப்பிலாவது திருத்துங்கள். இன்னொரு குடும்பமாவது பிழைத்துப் போகட்டும்.

நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் வாழ, மனமுடைந்தவனின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் போன் செய்தாள். "அப்பா, தினமும் சாப்பிட்டுட்டு ரொம்ப சத்தா இருக்குன்னு சொல்றாருப்பா! உங்க கைப்பக்குவம் அப்படியே எனக்கு வந்திருக்காம்!" பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். அகராதியில் கை வைத்துவிடாதீர்கள். இருக்கிற அர்த்தமே இருக்கட்டும்.