ஒரு கட்டத்தில் பதினாலு பேர்

சங்கரன்கோவில்,
3.9.1984

மெட்ராஸ் மாநகரத்துக் கூட்டத்தையெல்லாம் ரயிலேற்றிக் கரைசேர்க்கப் பிறந்த என் அக்காள் மகள் செண்பகவல்லிக்கு, தாய்மாமன் வெள்ளத்துரை அநேக ஆசீர்வாதம். இங்கு நான், உன் அத்தை, இரண்டு எருமைகள் யாவரும் சேமம்.

வரப்போகும் நகர ரயிலில் பெட்டிக்கு எத்தனை பேர், எத்தனை நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்று வெள்ளிக்கிழமைக்குள் கணக்குக் கொடுக்காவிட்டால், வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக உன் ஆபீசர் சொன்னாராமே! உன் லெட்டரைப் படித்ததும் கொதித்த என் ரத்தத்தில் உன் அத்தை காப்பியே போட்டிருக்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஆறு பேர், மூன்று நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்று நீ போட்டிருப்பது தப்பு தாயி. ஆறு பேரா? கையை விரித்துக்கொண்டா நிற்கிறார்கள்?

இன்று சாயங்காலம் மெட்ராஸ் பார்க்கப் போகும் என் சகலை மகன் மூக்காண்டியை மெயிலில் ஏற்றிவிட நாங்கள் பத்தொன்பது பேர் ஸ்டேஷனுக்குப் போனோம். வண்டி வருமுன் பிளாட்பாரத்தில் சாக்பீஸால் சதுர மீட்டர் கிழித்து ஆறு பேரை நிறுத்தினேன். “இதுக்கு மேல ஈ கூட நுழையாது கொழுந்தனாரே” என்றாள் முருகம்மாள் மதினி. எங்களோடு வந்திருந்த பஸ் கண்டக்டர் மைதீன் பாட்சா ஒரு விசிலடித்து, “உள்ள போங்க! நடுவுல அம்புட்டும் காலியாக் கெடக்கு வே!” என்றார். பதினாலு பேர்! மேற்கொண்டு ஒரு வாழைத்தார்! கொள்ளளவு பெட்டியில் இல்லை தாயி, கண்டக்டர் தொண்டையில் இருக்கிறது.

அதற்குள் மெயில் வந்தது. நம் வழக்கப்படி வழியனுப்ப வந்தவர்கள் எல்லாரும் முதலில் ஏறி இடம்பிடித்து, முறுக்குத் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, “ஏலே மூக்காண்டி, சன்னலோரம் இருக்காத, கண்ணுல கரி விழும்”, “போனதும் லெட்டர் போடு மக்கா” என்று ஆரம்பித்துவிட்டார்கள். கார்டு பச்சைக் கொடி காட்ட, மதினி தலையை நீட்டி, “பொறும்யா, இன்னும் பாதிப் பேரு சொல்லிக்கிடல!” என்றாள். ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்றாலும் முப்பத்தெட்டு நிமிஷம். நீ மூன்று நிமிஷத்துக்கு ஒன்று விட்டால், பின்னால் வரும் வண்டிகள் செங்கல்பட்டு வரை வால்பிடித்து நிற்கும். ஆகவே நாற்பது நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்று தைரியமாக எழுதிக் கொடு.

உன் கணக்கு நூறாண்டு ஓடவும், உன் ஆபீசர் அதில் நின்றபடியே பயணம் செய்யவும் கோமதியம்மனை வேண்டும்,
மாமன் வெள்ளத்துரை

பி.கு.: மேலே சங்கரன்கோவில் என்று போட்டது கௌரவத்துக்காக. எழுதுவது ராஜபாளையம் ஸ்டேஷன் பெஞ்சில். வண்டி இரண்டாம் நிமிஷமே கிளம்பிவிட்டது. பத்தொன்பது பேரும் உள்ளே, மூக்காண்டி மட்டும் அங்கே பிளாட்பாரத்தில். முறுக்கு தீர்ந்துவிட்டது. உன் மூன்று நிமிஷத்தையே மாற்றாமல் கொடு தாயி. இங்கே ஊர் திரும்ப அடுத்த வண்டி நாளைக் காலையில்தானாம்.