பாரை மீனுக்குள் ஒரு பயங்கரம்

ஊருக்கு ஊர் எச்சரிக்கையாளர் என்றொரு இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். யாரும் கேட்காமலே எல்லாரையும் காப்பாற்றுவதுதான் இவர்களுடைய முழுநேர வேலை. சம்பளமில்லை. லீவும் இல்லை.

உக்குவளையில் அந்தப் பாரத்தைச் சுமப்பவர் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் லெட்சுமணன். போன செவ்வாய்க்கிழமை, திருகோணமலையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த பாரை மீனொன்றை மீன்காரர் பஸ்லியிடம் வாங்கினார். மனைவி சுந்தரம்மா அதை வெட்டியபோது, சதைக்குள் அரிசிமணிபோல வெள்ளையாக ஏதோ நெளிந்தது. கத்திநுனியால் எடுத்து வீசப் போனார் அவர். லெட்சுமணன் விடுவாரா? மூக்குக்கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டு, நான்கு கோணத்தில் படம் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, முந்நூறு பேர் இருக்கும் ஊர் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவே போட்டுவிட்டார்: "யாரும் மீன் திங்காதீங்க! இது மூளைக்குள்ள போயி குட்டி போடும். விஞ்ஞானிங்க சொல்லியிருக்காங்க."

எந்த விஞ்ஞானி? அதையெல்லாம் கேட்பது நன்றிகெட்ட செயல்.

மறுநாள் காலை பஸ்லியின் மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளை ஒருவரும் நெருங்கவில்லை. தினமும் பேரம் பேசுகிறவர்கள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் போனார்கள். பெட்டியில் ஐஸ் உருகியது. பத்து மணிக்கு அவர் லெட்சுமணனின் வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, அது தட்டைப்புழுட குஞ்சு. கடல் மீன்ல ஈக்கிறதுதான். சுறாட வயித்துக்குள்ள போனாத்தான் பெருசாகும். எடுத்து வீசிட்டு நல்லா வேகவெச்சா ஒண்டும் செய்யாது. சுகாதாரப் பரிசோதகரே சொல்லியீக்கிறார். அந்த மீனக் குடுங்க, அவர்கிட்டயே காட்டுவம்."



"மீனா? நேத்தே கொழம்பு வச்சாச்சு," என்றபடி வந்தார் சுந்தரம்மா. "ஊருக்குச் சொல்லிட்டு ஒக்காந்து, ரெண்டு தடவ சோறு வாங்கினாரு."

"தலைத்துண்டு மட்டுந்தான்…"

"நடுத்துண்டும்!"

பஸ்லி சிரிக்கவில்லை. "ஐயா, இனி யாரு எங்கிட்ட மீன் வாங்குவாங்க?"

லெட்சுமணனுக்கு எங்கோ சுருக்கென்றதுதான். கைப்பேசியை எடுத்தார். 'தவறு' என்று எழுதினார், அழித்தார். 'மேலதிக ஆய்வின் பின்னர்' என்று தொடங்கினார். பொறுக்கமுடியாமல் சுந்தரம்மா அதைப் பறித்துத் தானே பேசினார்: "நான் சுந்தரம்மா பேசுறேன். அந்த மீன இவருதான் தின்னாரு. நல்லாத்தான் இருக்காரு. மூளையிலயும் ஒண்ணும் இல்ல."

மத்தியானத்துக்குள் பாதிப் பெட்டி விற்றது. மீதியைப் பஸ்லி கருவாட்டுக்கு உப்பிலே போட்டார். மாலையில் தேத்தண்ணிக் கடையில் லெட்சுமணன் தட்டைப்புழுவின் முழு வரலாற்றையும் விளக்கிக்கொண்டிருந்தார். "நான் அப்பவே நெனச்சேன், சுறாப் புழுதான்னு."

சிரிக்கிறீர்கள். இதை நாலு பேருக்கு அனுப்ப விரல் துடிக்கிறது, இல்லையா? தாராளமாக அனுப்புங்கள். ஆனால் ஒன்று: நான் சொன்னதெல்லாம் சரிதானா என்று விசாரித்துவிட்டீர்களா?