உருளையில் ஒட்டிய முடி

வாசல்காரம்மா பசை உருளையைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் வலை சாரைப் பார்த்தாள். மறுபடியும் உருளையைப் பார்த்தாள்.

"என்னம்மா, சீக்கிரம் ஆகட்டும்."

"சார்... முடி ஒட்டியிருக்கு."

"யாரோடது?"

"இப்ப உங்க தோள்லதானே சார் உருட்டினேன்."

அந்த பிஸ்கட் தொழிற்சாலையில் மாவு பிசையும் இடத்துக்குள் யார் போவதானாலும், வாசலில் நின்று கோட்டின் மேல் பசை உருளையை உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். உருளையில் முடி ஒட்டினால் முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை மேனேஜர் அறை, மூன்றாம் தடவை குடோனுக்கு மாற்றல். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த புண்ணியவான் வேறு யாருமில்லை, மேற்பார்வையாளரான வலை சாரேதான். தலைக்கு ஒரு வலை, தாடிக்கு ஒரு வலை என்று ஊழியர்களை விரட்டி, அடர்ந்த புருவத்துக்கும் வலை கிடைக்குமா என்று கடை கடையாக விசாரித்தவர். பெயர் அப்படி வந்ததுதான்.

"பழசா இருக்கும். உருளையை மாத்துங்க" என்றார்.

"இன்னிக்குக் காலையிலதான் சார் மாத்தினேன்."

பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்பது வலை சாருக்குத் தெரியும்.

கறுப்பு முடி. குட்டை முடி. அன்று முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. அவருடைய அப்பாவுக்கு நாற்பதிலேயே உச்சந்தலை பளபளத்துவிட்டது. அந்தச் சொத்து மட்டும் தனக்கு வராமல் போனதில் வலை சாருக்கு அத்தனை பெருமை. இப்போது ஐம்பதை நெருங்கும் நேரத்தில் அப்பா அந்தப் பாக்கியையும் கொடுக்க வந்துவிட்டாரோ என்று உச்சந்தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் தலையணையைக் கவனித்தார். ஒன்று, இரண்டு இல்லை. கொத்தாகக் கிடந்தது.

"இங்க வா! இதைப் பாரு!"

மனைவி ஓடிவந்தாள். தலையணையைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப் போனது. எத்தனை பாசம் என்று அவருக்கே நெஞ்சு நெகிழ்ந்தது.

"அது... கொஞ்சமா கொட்டத்தாங்க செய்யும். நான் உறையை மாத்திடறேன்."

"கொஞ்சமா? இது கொஞ்சமா?"

பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று பத்து நாளாக வீட்டிலேயே இருந்த மகள் வாசற்படியில் நின்று சொன்னாள். "சீசன்பா. வெயில் காலம் வந்தா நின்னுடும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சேன்."

பெண் பொறுப்பாகப் படிக்கிறாள் என்று அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

முடி விஷயத்தில் அந்த வீடும் ஒரு குட்டித் தொழிற்சாலைதான். கம்பளி விரிப்பு கிடையாது. மகள் கெஞ்சிக் கேட்ட நாய்க்குட்டி கிடையாது. இறகுத் தலையணை கிடையாது. மைத்துனன் தாடி வளர்த்த மூன்று மாதமும் அவனுக்கு வாசலிலேயே காபி. கம்பெனி சலவையைக்கூட நம்பாமல், வலை சார் தன் வெள்ளைக் கோட்டைத் தினமும் வீட்டுக்குக் கொண்டுவருவார். மனைவி துவைத்து, இஸ்திரி போட்டு, கட்டிலின் மேல் பரப்பி வைப்பாள். அப்படிப்பட்டவர் தலையிலிருந்தே முடி விழுவது என்றால் ஊருக்கெல்லாம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

முதல் வைத்தியம், சின்ன வெங்காயச் சாறு. பக்கத்து மேசைக் கணக்காளர் சொன்னது. ராத்திரி முழுக்கத் தலையில் ஊறவைத்துக் காலையில் மூன்று முறை அலசியும் வாசனை போகவில்லை. அன்று மதியம் ருசி பார்க்கும் பெண்மணி ஆரஞ்சு கிரீம் பிஸ்கட்டைக் கடித்துவிட்டு யோசனையோடு நின்றாள்.

"சார், கிரீம்ல வெங்காய வாசனை வருது."

"சேச்சே, இருக்காது."

"நீங்க கிட்ட வந்தா அதிகமா வருது சார்."

ஒரு பீப்பாய் கிரீம் குப்பைக்குப் போனது. குற்றவாளி வாய் திறக்கவில்லை.

அடுத்து மருந்துக்கடைக்காரர் ஒரு தைலம் கொடுத்தார். "ரெண்டு சொட்டு போதும்" என்றார். ரெண்டு சொட்டு போதுமென்றால் அரை பாட்டில் இன்னும் நல்லதுதானே என்று வலை சார் தடவிக்கொண்டார். தலை எரிந்தது, சிவந்தது, மூன்றாம் நாள் செதில் செதிலாக உதிர ஆரம்பித்தது. கறுப்புக் கோட்டாக இருந்தால் பனி பெய்தது போலத் தெரிந்திருக்கும். வெள்ளைக் கோட்டு காப்பாற்றியது. ஆனால் உருளை காப்பாற்றவில்லை.

"சார், செதிலு. கூடவே முடியும்" என்றாள் வாசல்காரம்மா. "ரெண்டாவது தடவை. நான் என்ன சார் பண்ண? நீங்க போட்ட சட்டம்."

மேனேஜர் அவரை உட்காரச் சொல்லித் தண்ணீரும் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"இன்னொரு தடவை ஆச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல சார். உங்களுக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு யாரும் வலையே போடமாட்டாங்க."

"நானே அதைத்தான் சார் சொல்வேன்" என்றார் வலை சார். இருபத்து இரண்டு வருஷமாக அவர் நடந்த இடம் அது. குடோனில் உட்கார்ந்து மாவு மூட்டை எண்ணுவதை நினைத்தபோது உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

அன்று மாலையே முடி நடும் கிளினிக்குக்குப் போனார். அங்கே கோட்டு சூட்டு போட்ட ஆலோசகர் ஒருவர், துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பின்னாடி இருக்கற முடி லேசுல கொட்டாது சார். அதை எடுத்து முன்னாடி நட்டுடுவோம்."

"முன்னாடி இருக்கே?"

"இருக்கு சார். ஆனா இருக்குமா?"

அந்த ஒரு கேள்வியில் வலை சார் விழுந்துவிட்டார். வாரக் கடைசியில் வரச் சொன்னார்கள். போனார். நடுவதற்கு முன்னால் தலையைச் சுத்தமாக மழிக்கவேண்டும் என்றார்கள். மழித்தார்கள். மழித்து முடித்த பிறகு டாக்டர் வந்தார். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வலை சார் தலையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இவருக்கு எங்கே நடறது?"

"முன்னாடி டாக்டர்" என்றார் ஆலோசகர்.

"முன்னாடி இடமே இல்லையே! விளைஞ்சு நிக்கற வயல்ல நாத்து நடச் சொல்றீங்களா?" டாக்டர் வலை சார் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு வழுக்கைக்கான அறிகுறியே இல்ல சார். கண்டதைப் போட்டுத் தோலைத்தான் புண்ணாக்கி வெச்சிருக்கீங்க. இந்தக் களிம்பை மட்டும் தடவிட்டுச் சும்மா விடுங்க."

"அப்ப தலையணையில கிடக்கற முடி?"

"எல்லாருக்கும் தினமும் கொஞ்சம் விழும்."

"கொத்தா கிடக்குது டாக்டர்!"

டாக்டர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். சிலருக்குத் தலைக்கு வெளியே ஒன்றும் இல்லை, உள்ளேதான் கோளாறு என்று சொல்லும் பார்வை அது.

மொட்டைத் தலையோடு வீட்டுக்குள் நுழைந்தவரைக் கண்டு மனைவி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு பின்னறைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க! அய்யோ, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க..."

"ஒண்ணும் சொல்லாதே" என்று கையை உயர்த்தினார். "நீ என்ன சொல்லப் போறேன்னு எனக்குத் தெரியும். முடி போனாலும் நான் உன் புருஷன்தான்னு சொல்லுவே. அது போதும் எனக்கு."

அவள் வாயைத் திறந்தாள். பின்னறைக் கதவைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து மெல்லக் கேட்டாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?"

இந்த ஒரு மாதமாக இதே கேள்விதான். கல்யாணமான புதிதில்கூட அவள் இப்படிக் காத்திருந்ததில்லை. மொட்டையிலும் ஒரு நன்மை இருக்கிறது என்று வலை சார் நினைத்துக்கொண்டார். இன்னொரு நன்மை, இனிமேல் உருளைக்குப் பயப்பட வேண்டாம். தலையில் இருந்தால்தானே கோட்டில் விழும்?

மறுநாள் மாப்பிள்ளை மாதிரி வாசலில் போய் நின்றார்.

"உருட்டும்மா. நல்லா அழுத்தி உருட்டு."

வாசல்காரம்மா உருட்டினாள். வெளிச்சத்தில் பிடித்தாள். அவருடைய தலையைப் பார்த்தாள். உருளையைப் பார்த்தாள். அதைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"கோட்டு உங்களோடது சார். இது யாரோடதுன்னு நான் கேக்க மாட்டேன்."

மூன்று கறுப்பு முடி. வரிசையில் இந்த முறை யாரும் இருமவில்லை. விஷயம் அதைவிடப் பெரிதாகிவிட்டது. மேனேஜர் அவரைத் தோளில் தட்டி ஓரமாக அழைத்துப் போனார்.

"சார், வீட்டுல எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"என்ன சார் கேக்கறீங்க!"

"இல்ல, மொட்டை அடிச்சவர் தோள்ல இன்னொருத்தர் முடி இருந்தா நாலு பேர் நாலு விதமா..."

வலை சாருக்கு இருந்த இடம் போகிறது என்று பார்த்தால் மானமும் சேர்ந்து போகும்போல் இருந்தது. "லேப்புக்கு அனுப்புங்க சார்!" என்று கத்தினார். "இது யார் முடின்னு தெரியாம நான் இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்!"

லேபில் வேலை பார்க்கும் பெண் முடியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தாள். வாசலில் பாதித் தொழிற்சாலை நின்றது. வலை சார் வேண்டாத தெய்வம் இல்லை.

அவள் நிமிர்ந்தாள். "சார், இது மனுஷ முடியே இல்ல. ஏதோ மிருகத்தோடது."

"பார்த்தீங்களா!" வலை சார் துள்ளிவிட்டார். "நான் சொல்லல? குடோன்லதான் ஏதோ புகுந்திருக்கு! பூனையோ பெருச்சாளியோ, மூட்டை வழியா வந்திருக்கு! குடோன்காரனைக் கூப்பிடுங்க!"

"சட்டம் மனுஷ முடிக்குத்தான். உங்களுக்கு மாற்றல் இல்ல சார்" என்று மேனேஜர் கையைக் குலுக்கினார். வாசலில் கைதட்டினார்கள். வாசல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்த நல்ல சேதியை முதலில் கேட்க வேண்டியவள் மனைவிதான். பாவம், தலையணையைப் பார்த்து எப்படி வெளிறிப் போனாள்! கையுறை போட்டிருந்ததால் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். மகள் எடுத்தாள்.

"கண்ணு, அம்மாகிட்ட சொல்லு! அது என் முடியே இல்லையாம்! ஏதோ மிருகத்தோட முடின்னு லேப்ல பார்த்துச் சொல்லிட்டாங்க!"

போனைக் கையால்கூட மூடாமல், மகள் உள்ளே பார்த்துக் கத்தியது அந்த அறை முழுக்கக் கேட்டது.

"அம்மா! அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு! சீக்கிரம் அதை அப்பா தலையணையிலேருந்து கீழ இறக்கு!"