மும்முனை மின்சாரமும் ஒரு வானொலி வரலாறும்

ஏ.எம். வானொலியில் வேலை பார்க்கிறவனை இந்த உலகம் நம்பாது. எஃப்.எம்.மில் நாள் முழுக்கக் கெக்கெக்கே என்று சிரிக்கிறவனோடு செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். நெல்லுக்கு எப்போது உரம் போடவேண்டும் என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்த என்னிடம், "அது இன்னும் இருக்குதா?" என்பார்கள். (இருந்ததய்யா! அங்கேதானே நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்!)

அப்போது நான் தற்காலிக அறிவிப்பாளன். திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர் பக்கம் பெண் பார்க்கப் போனால், பெண்ணின் அப்பாவும் அதையேதான் கேட்டார்.

"ரேடியோவுல பேசறன்றீங்க. நாங்க ஒருநாளும் கேட்டதில்லயே தம்பி. ஒருவாட்டி கேட்டுட்டு முடிவு சொல்றோம்."

செல்வியை எனக்குப் பிடித்துவிட்டது. அவளும் கதவோரம் நின்று சிரித்தாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க நிலையத்தோட வரலாறு வருதுங்க. எழுதினதும் நான், பேசறதும் நான். கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றேன்.

அந்தக் கால்மணி நேரப் பேச்சுக்காக நாயாக அலைந்திருந்தேன். ஓய்வுபெற்ற இன்ஜினியர்களைத் தேடி விழுப்புரத்தில் தெருத்தெருவாகப் போனேன். கம்பம் நட்ட கதை, மூட்டை மூட்டையாக நேயர் கடிதம் வந்த கதை, புயலில் கூரை பறந்தும் ஒலிபரப்பு நிற்காத கதை எல்லாம் சேர்த்தேன். பதிவு முடிந்தபோது நிலையத்தில் ஒருத்தராவது டீ வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

ஞாயிறன்று பெண் வீட்டுக்கே போய்விட்டேன். வீட்டில் ரேடியோ இல்லை. மல்லாட்டைக் கொல்லையில் (அதாவது வேர்க்கடலை), மோட்டார் கொட்டகைப் பக்கம், ஒரு கழியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். காட்டுப்பன்றி வராமலிருக்க அதை அலறவிடுவார்களாம்! (என் தொழிலுக்கு நாட்டில் இருந்த மரியாதை அவ்வளவுதான்.) எல்லோரும் வரப்பில் உட்கார்ந்தோம்.

"வணக்கம் நேயர்களே" என்று என் குரல் வந்தது. செல்வி என்னைப் பார்த்தாள். அந்த நொடி பார்த்தா மும்முனை மின்சாரம் வரவேண்டும்? மோட்டார் தானாக ஓட, ரேடியோவில் கொர்ரென்ற இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. பக்கத்தில் மோட்டார் ஓடினால் ஏ.எம்.முக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

"மாமா, மோட்டார நிறுத்துங்க!" (அவசரத்தில் மாமா என்றே வந்துவிட்டது.)

"த்ரீ பேஸ் வர்றதே எப்பவோ ஒருவாட்டி. தண்ணி பாஞ்சிக்கினு இருக்குது, நிறுத்தறதா? இன்னா பேஜாரு தம்பி இது!"

ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். மோட்டாரை விட்டு விலக விலக என் குரல் லேசாகக் கேட்டது. அந்த ஆசையில் கொல்லைக்குள்ளேயே புகுந்து ஓடி, தண்ணீர் பாய்ந்த பாத்தியில் குப்புற விழுந்தேன். எழுந்து சேற்றைத் துடைத்து ரேடியோவைக் காதில் வைத்தால், வேறொரு அம்மாள், "இதுவரை நிலைய வரலாறு கேட்டீர்கள்" என்கிறார். என் பெயரைச் சொன்னாரா? அதுவும் இல்லை!

பின்னாலேயே ஓடிவந்தவர் தன் செடிகளைப் பார்த்தார். "பன்னிகூட இப்பிடி மிதிக்காது தம்பி!"

வந்ததே எனக்குக் கோபம். சேற்றில் நின்றபடியே, மனப்பாடமாக இருந்த வரலாற்றை முதலிலிருந்து முழுத் தொண்டையில் ஒப்பித்தேன். புயல் கதைக்கு வந்தபோது ஓரத்துப் புதர் ஆடியது. தாயும் குட்டிகளுமாக ஒரு பன்றிக் கூட்டம் தலைதெறிக்க ஓடியது.

பன்றிகள் ஓடிய திசையை அவர் எட்டிப் பார்த்தார். பிறகு வரப்பில் இருந்த செல்வி பக்கம் திரும்பி, "ஜல்தி காபி போடும்மா, மாப்ளைக்கு" என்றார்.

இப்போது எங்கள் ஏ.எம்.மை மூடிவிட்டார்கள். மாமனார் அதற்கெல்லாம் அசரவில்லை. என் பேச்சைப் பென் டிரைவில் ஏற்றி வாங்கி, ஸ்பீக்கரில் போட்டுக் கொல்லையில் விடுகிறார். வீட்டில் நான் குரலை உயர்த்தினால் செல்வி, "மல்லாட்ட இல்லாத எடத்துல எதுக்குக் கத்தறீங்க?" என்கிறாள்.

போன வாரம்கூட மாமனார் போன் செய்தார். "மாப்ள, கம்பம் நட்ட கதை வரைக்கும் பன்னிங்க நின்னு கேட்டுக்கினு இருக்குது. அந்தப் புயல் வந்தாத்தான் ஓடுது. ஆரம்பத்துலயே புயல வெச்சிக் குடுங்களேன்!"

வரலாற்றை அப்படியெல்லாம் மாற்றமுடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். (மாற்றிக் கொடுத்துவிட்டேன்.)