முசேவுக்கு நான் வைத்த மீசை

பரீட்சையில் தோற்ற பையன் வீட்டுக்கு வரும் வழியெல்லாம், பரீட்சை வைத்தவருக்கு ஒரு பெரிய மீசை வரைந்துகொண்டே வருவான். நானும் வரைந்தேன்.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. போனவர்கள் பிரெவே என்ற பள்ளிப் பரீட்சையையும் கையோடு எடுத்துப் போயிருக்கலாம். (மறந்துவிட்டார்கள்.) எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டேன். பிரெஞ்சு வாய்மொழிப் பரீட்சையில், "உன் பெயர் என்ன?" என்பதற்கே எனக்கு விடை தெரியவில்லை. பரீட்சை வைத்த முசே (பிரெஞ்சில் ‘ஐயா’) முன்னால் ஐந்து நிமிஷம் வியர்த்துவிட்டு வெளியே வந்தேன்.

பெரிய மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருந்த அம்மாவிடம் இதைச் சொல்ல முடியுமா?

"பரீட்சை வச்ச முசே ராட்சசன்மா. இவ்ளோ பெரிய மீசை. மேசையத் தட்டி மிரட்டிட்டாரு."

பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமும் போயிற்று. அக்டோபரில் இன்னொரு வாய்ப்பு இருந்தது. அதுவும் போனால் படிப்பை மூட்டை கட்டிவிட்டு மாலை கட்ட வேண்டியதுதான். (அதுவும் எனக்கு வராது.)

மார்க்கெட் என்னைக் கையில் எடுத்தது. மீன் விற்கும் மார்த்தா அத்தை (உறவில்லை, மார்க்கெட்டில் எல்லாரும் அத்தைதான்) தினம் ஒரு வறுத்த வஞ்சிரத் துண்டோடு வந்து, நான் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பார். காய்கறிக்கடை கோவிந்தன் மாமா விடியற்காலையில் என்னைக் கடற்கரைக்கு நடத்திப் போவார். பரீட்சை பற்றி மூச்சு விடமாட்டார். கத்திரிக்காயில் புழு விழுவதைப் பற்றியே பேசுவார். தூக்கம் திரும்பி வந்தது. (அங்கேயே.)

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வாய்மொழிப் பரீட்சையை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்பது பிரெஞ்சு வழக்கம். அக்டோபர் பரீட்சையன்று நான் உள்ளே நுழைந்தபோது, பின் பெஞ்சுகளில் பூக்கடை, மீன்கடை, காய்கறிக்கடை எல்லாம் உட்கார்ந்திருந்தன. என்னை மிரட்டியவரை ஒரு கை பார்க்க வந்திருந்தார்கள்.

முசே வந்தார். அதே முசே. ஒல்லியான கிழவர், மழமழவென்று மழித்த முகம். என்னைப் பார்த்ததும் ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினார். (போன தடவையும் நீட்டினார்.)

மார்த்தா அத்தை, மீன் ஏலம் போடும் குரலில், "ஏண்டா, மீசை எங்கடா?" என்றார்.

"இவரா மேசையத் தட்டுனாரு? கை ஒடிஞ்சிடுமே, பாவம்!" இது கோவிந்தன் மாமா.

அம்மா தலையில் அடித்துக்கொண்ட சத்தமும் கேட்டது.

முசே பிரெஞ்சில் கேட்டார்: "அந்த அம்மாள் என்ன சொல்கிறார்?"

"மீசை எங்கே என்கிறார்."

"யாருடைய மீசை?"

"உங்களுடையது."

"எனக்கு மீசையே இருந்ததில்லையே!"

"நான்தான் வைத்தேன், முசே."

அப்புறம் எல்லாம் கொட்டிவிட்டது. பயந்தது, பொய் சொன்னது, வஞ்சிரம், கத்திரிக்காய்ப் புழு உட்பட. மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான், இத்தனையும் பிரெஞ்சில் பேசியிருக்கிறேன் என்பது உறைத்தது. முசே சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மார்க் போட்டார். தேறிவிட்டேன்.

வாசலில் அம்மா என் காதைத் திருகினாள். "பயமா இருக்குதுன்னு சொல்லக் கூடாதாடா? அதுக்குப் போயி அந்த மனுஷனுக்கு எதுக்குடா மீசை?"

போன மாதம் என் மகள் அலுவலகத்திலிருந்து அழுத முகத்தோடு வந்து, மேலதிகாரி பெரிய கொடுமைக்காரர் என்றாள். என் மனைவி அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள்: "மீசை இருக்குதா? நாங்கல்லாம் வந்து பாக்கட்டுமா?"

மகள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தாள்.

"வேணாம்மா. ஒரு ஃபைலத் தொலைச்சிட்டேன். பயமா இருக்கு."

அவள் தட்டில் ஒரு வஞ்சிரத் துண்டு விழுந்தது.