மடியில் எரிந்த டார்ச்

எழுத்துப் பிழைகளை முதலிலேயே பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது நாலாம் வகுப்பு வரைக்கும்தான். ஞாபகமும் இப்போது முன்போல் இல்லை. ஒன்றை எழுதும்போது இன்னொன்று நழுவிவிடுகிறது. போதாததற்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு வெட்கம். பஸ்ஸில் 'ஆளிறங்கணும்' என்று சொல்லக் கூசி, பாறசாலையில் இறங்க வேண்டியவள் களியிக்காவிளை வரை போய்த் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்ட என் வயிறு ஒரு நாள் சம்பந்தக்காரர் முன்னிலையில் பெட்ரோமாக்ஸ் மாதிரி எரிந்தது.

என் மகன் ஜெபினுக்குக் குடி கிடையாது, பீடி கிடையாது. டார்ச்சுதான். (குடியாக இருந்தால் ஊரில் சொல்லி அழவாவது நாலு பேர் கிடைத்திருப்பார்கள்.) அவன் வாங்குவதெல்லாம் கைவிரல் நீளம்தான் இருக்கும். ஆனால் அடித்தால், எதிர்விளைத் தோப்பில் படுத்திருக்கும் பசு விடிந்துவிட்டது என்று எழுந்து கறவைக்கு நிற்கும். அவனைப் போன்ற டார்ச் பைத்தியங்களுக்குப் போனில் ஒரு கூட்டம் உண்டு. இவன் தென்னை மண்டையில் வெளிச்சம் அடித்துப் படம் அனுப்புவான். 'அருமை' என்று அவர்கள் பதில் போடுவார்கள். தேங்காயைச் சொல்கிறார்கள் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அந்த டார்ச்சால் இரண்டு சம்பந்தம் போயிற்று. பாலராமபுரத்துப் பெண்ணோடு தனியே பேசக் கிடைத்த கொஞ்ச நேரத்தில், வெள்ளை வெளிச்சத்துக்கும் மஞ்சள் வெளிச்சத்துக்கும் என்ன வித்தியாசம் என்று விளக்கினான். அதற்குப் பிறகு அவர்கள் போன் எடுக்கவில்லை. பூவாரில் பார்த்த பெண்ணின் அம்மா, 'பையனுக்குச் சின்ன வயசில் தலையில் அடி ஏதும் பட்டதுண்டா?' என்று தரகரிடம் விசாரித்தாளாம். மூன்றாவதாகக் காஞ்சிரங்குளத்து அனிதா வந்தாள். இவனுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. "இதும் போச்சுன்னா இனி எனக்குப் பெண்ணே பாக்க வேண்டாம்மா" என்றான். வயது முப்பத்தி நாலு.

பெண் வீட்டார் 'வீடு காணல்' வரும் நாள் வந்தது. பையனின் வீடு, கிணறு, கூரை எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் சம்மதம் சொல்வார்கள். எங்கள் வீட்டில் வெள்ளை அடிக்க வந்த ஆள் பாதியில் நின்றுவிட்டதால் சுவரின் கீழ்ப்பாதி மட்டும் புதுசு. என் வீட்டுக்காரரின் அக்கா எஸ்தர்தான் அன்றைக்குத் தளபதி.

"அந்தி சாயட்டும் பிள்ளே. மங்கின வெட்டத்துல எல்லா வீடும் நல்ல வீடாக்கும்" என்று எஸ்தர் அக்கா பெண் வீட்டாரைச் சாயங்காலத்துக்கு வரச் சொன்னார்கள் (வெட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் வெளிச்சம்). பிறகு ஜெபின் பக்கம் திரும்பினார்கள். "எலே, அவிய போறது வரை டார்ச்சுன்னு ஒரு வார்த்தை உன் வாயில வரப்பிடாது. வந்துது, உன்னைக் கெணத்துல தள்ளிருவேன்."

"செரி மாமி" என்றான் ஜெபின்.

டார்ச்சுகளை எல்லாம் அரிசிப் பானைக்குள் புதைத்தோம். வாசலில் வேன் வந்து நின்றபோதுதான் அவன் சட்டைப் பையில் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. "அம்மா, இத வச்சிக்கிடுங்க" என்று என் கையில் திணித்துவிட்டு ஓடினான். நான் மடியில் செருகிக்கொண்டேன். பித்தானை நாலு தடவை அமுக்கினால் பூட்டிக்கொள்ளுமாம். அவசரத்தில் அவன் பூட்டவில்லை.

வந்தவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் அனிதாவின் அம்மா. மற்றவர் பெரியப்பா மத்தியாஸ். சம்மதம் சொல்ல வேண்டியது அவர்தான். என் வீட்டுக்காரர் வாயை இறுக மூடிச் சிரித்து வரவேற்றார். அவருடைய பல்செட்டை நெய்யாற்றின்கரை பஸ்ஸில் தொலைத்துவிட்டதாகச் சொல்லியிருந்தார்.

எங்கள் சபைக்காரர் வீட்டில் முதலில் ஜெபம், பிறகுதான் குடிக்க வெள்ளம். ஜெபத்தின்போது கண் திறக்கக் கூடாது, அசையவும் கூடாது. தேள் கொட்டினாலும் ஆமென் வரைக்கும் அது தேளுக்கும் நமக்கும் உள்ள விவகாரம்.

பெரியப்பா ஜெபிக்கத் தொடங்க, எல்லாரும் கண்ணை மூடினோம். நான் குனிந்து நின்றதில் மடியில் இருந்தது அமுங்கிவிட்டது போலிருக்கிறது. வயிற்றில் இதமாக ஒரு சூடு. பரிசுத்தமான சூடு என்றே முதலில் நினைத்தேன். ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்தால் (தப்புதான்), என் பாலராமபுரம் சேலைக்குள் நிலா உதித்திருந்தது.

அந்த வெளிச்சம் மூடிய இமைகளையும் தாண்டிப் போயிருக்க வேண்டும். முடிக்கப் போன பெரியப்பாவின் குரல் நடுங்கியது.

"ஆண்டவரே! இந்த வீட்டுல வெளிச்சம் உண்டு! என் கண்ணு மூடியிருக்கு, ஆனாலும் தெரியுது ஆண்டவரே!"

அதோடு ஜெபம் நீண்டது. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஜெபித்தார். அவர்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும், அந்தப் பிள்ளைகளின் படிப்புக்கும், அதற்குப் பிறகு அவர்களுக்குக் கிடைக்கப்போகும் விசாவுக்கும் ஜெபித்தார். இங்கே என் வயிறு தோசைக்கல்லாகிக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல், "ஐயோ ஆண்டவரே!" என்று கத்திவிட்டேன்.

"ஸ்தோத்திரம்!" என்றார்கள் எல்லாரும்.

எஸ்தர் அக்கா கண்ணை மூடியபடியே, "எங்க தங்கபாய் வாய் தெறந்துட்டா, ஸ்தோத்திரம்!" என்று அழுதார்கள் (தங்கபாய் நான்தான்).

"அடுப்புல என்னமோ கரியுது" என்றார் என் வீட்டுக்காரர், அவரும் கண்ணைத் திறக்காமலே.

கரிந்தது நான். வெட்கத்தை விட்டு, திரும்பி நின்று, அதைப் பிடுங்கி எடுத்தேன். எடுத்த அவசரத்தில் பித்தானை எப்படி அமுக்கினேனோ, எங்கள் ஹாலுக்குள் சூரியன் உதித்தது.

எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். வெளிச்சம் நேராகக் கூரையில் அடித்தது. அந்தியில் மறைத்து வைத்திருந்த எல்லாம் தெரிந்தது: ஒட்டடை, கரி, மழை ஒழுகிய கறை. அங்கே நிம்மதியாகக் குடியிருந்த பல்லி ஒன்று கண் கூசிப் பிடி விட்டு முந்திரிக்கொத்துப் பலகாரத் தட்டில் விழுந்தது.

"அம்மா! ஃபுல்லுல வச்சிட்டிய, கைய விடுங்க, சுடும்!" என்று ஓடிவந்தான் ஜெபின். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பயப்படாதிய மாமா, சூடு கூடினா அதுவே கொறஞ்சிரும். சின்ன சாதனம்தான், ஆனா இதோட லென்ஸ் இருக்கே..."

எஸ்தர் அக்கா பார்த்த பார்வையில் அவனே குறைந்து அணைந்துவிட்டான்.

பெரியப்பா கண்ணைக் கசக்கினார். "அப்போ... நான் கண்டது டார்ச்சா?"

தன் ஆயுசிலேயே மிக நீண்ட ஜெபத்தை ஒரு பேட்டரி சாமானுக்கு முன்னால் செய்துவிட்ட மனிதரிடம் என்ன சொல்வது?

அனிதாவின் அம்மா நல்ல குணம். பேச்சை மாற்ற ஒரு டம்ளர் வெள்ளம் எடுத்துக் குடித்து, "நல்ல ருசி. எந்தக் கெணத்து வெள்ளம்?" என்றாள்.

எஸ்தர் அக்காவுக்கு உயிர் வந்தது. "எங்க கெணறாக்கும்! கோடையிலயும் வத்தாது. வாருங்க, காட்டுறேன்!"

எல்லாரும் கிணற்றடிக்குப் போனோம். அந்த அம்மா டம்ளரும் கையுமாக வந்தாள். உள்ளே ஒரே இருட்டு. கிணற்றின் பெருமையில் எஸ்தர் அக்கா தன் கட்டளையை மறந்தார்கள். "எலே ஜெபினே, கொஞ்சம் வெட்டம் காட்டு!"

ஜெயிலில் இருந்து விட்டதுபோல் ஓடி வந்து அடித்தான். வெள்ளம் கண்ணாடி மாதிரி இருந்தது. அடிமண் தெரிந்தது. மண்ணின் நடுவில், இளஞ்சிவப்பு ஈறும் வெள்ளைப் பல்லுமாக, என் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தார்.

அனிதாவின் அம்மா டம்ளரைப் பார்த்தாள். கிணற்றைப் பார்த்தாள். மறுபடி டம்ளரைப் பார்த்தாள்.

"அது பல்லாக்கும், இல்லியா?" என்றார் பெரியப்பா.

"அது... பஸ்ல விட்டதாக்கும்" என்றார் என் வீட்டுக்காரர், பல்லில்லாத வாயால்.

"பஸ்ஸு கெணத்துக்குள்ளயாலே ஓடுது?" என்று கேட்டார்கள் எஸ்தர் அக்கா.

கிணற்றில் வாளி விட்டு வெள்ளம் கோரும்போது தும்மியதில் விழுந்ததாம். எனக்குப் பயந்து மறைத்தாராம். (இந்த உலகத்தில் என்னைக் கண்டு பயந்த ஒரே ஆள். அது அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.)

அவர்கள் முந்திரிக்கொத்தைத் தொடாமல் போனார்கள். ஜெபின் படியில் உட்கார்ந்திருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "போச்சும்மா" என்றான். டார்ச்சை அணைத்து என் மடியிலேயே வைத்தான், இந்தத் தடவை பூட்டி. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பல நாள் கழித்துப் பெரியப்பா போன் செய்தார். கதையைக் கேட்ட அனிதா விழுந்து விழுந்து சிரித்து, கட்டினால் இந்த வீட்டில்தான் என்று சொல்லிவிட்டாளாம். அவரும் யோசித்திருக்கிறார். "மத்த வீடுகள்ல என்னென்ன கெடக்கோ, யாருக்குத் தெரியும்? உங்க வீட்டுல கூரையில இருந்து கெணத்தடி வரை எல்லாம் கண்டாச்சு. இனி ஒளிக்க ஒண்ணும் இல்ல. கெணத்த மட்டும் எறச்சுக் கழுவிருங்க."

கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஜெபம் தொடங்கினால், "அம்மா, மடியைப் பூட்டியாச்சா?" என்று அனிதா என் காதில் கேட்பாள். பெரியப்பா ஒரு கண்ணை மூடி, மற்றதை என் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டுதான் ஜெபிக்கிறார்.

இதில் நான் எதையாவது முன்பின் மாற்றி எழுதியிருப்பேன். மூன்று தடவை அமுக்கினால் பூட்டுமா, நாலு தடவையா என்பதும் இப்போது சந்தேகமாக இருக்கிறது. விவரம் தெரிந்த யாராவது ஒரு தடவை சரிபார்த்துத் தாருங்கள். ஆனால் பகல் வெளிச்சத்திலேயே பாருங்கள். ஜெபினிடம் வெளிச்சம் கேட்டுவிடாதீர்கள்.