கர்னல் வீட்டு ஃபங்ஷன்

அன்புள்ள மச்சான் நுஃமான் அவர்களுக்கு, உங்கள் அக்காவைக் கட்டிக்கொண்டும் இன்னும் தெம்பாக இருக்கும் சீனி முகம்மது மண்டபம் ஊரிலிருந்து ஸலாம் கூறி எழுதுவது. இங்கு அனைவரும் நலம், அல்ஹம்துலில்லாஹ். துபாயில் உங்கள் நலத்துக்குத் துஆச் செய்கிறோம். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் உங்கள் அக்கா சாலிஹா ஒட்டுக்கேட்பாள் என்பதால் கடிதம்.

நம்ம புள்ள மாஷிதா பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள் அல்லவா, செவ்வாய்க்கிழமை போனில், "கர்னல்ல சின்ன ஃபங்ஷனக் காணோம். கம்பைலர் அதப் பெரிய ஃபங்ஷனுக்குள்ள சேத்துட்டான். பேரச் சொல்லித் தேடுனா ஆப்புடல" என்று யாரிடமோ அழாக்குறையாகச் சொன்னாள். நம் வீட்டில் அடுத்த ஃபங்ஷன் அவள் நிக்காஹ் ஒன்றுதானே. கம்பைலர் எவனோ சம்பந்தி வீட்டுக் காரியக்காரன், கர்னல் அவர்களுடைய பட்டாளத்துச் சொந்தம் என்று நானே முடிவுகட்டி, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டதுகூடத் தெரியாமல் மாப்பிள்ளையின் அத்தா ஹசன் அலி வீட்டில் போய் நின்றேன். "ஒத்தப் புள்ள நிக்காஹ இன்னொரு ஃபங்ஷனுக்குள்ள சேக்கப் பாக்குறீகளா?" என்றேன். மனுசன் டீயைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கு யாரு சொன்னா?" என்றார் பாருங்கள். நிஜமாகவே தன் மகள் நிக்காஹோடு சேர்த்து ஒரே பந்தலில், ஒரே பிரியாணியில் முடிக்கத் திட்டமாம். குருட்டாம்போக்கில் வீசிய வலையில் சுறா விழுந்துவிட்டது. தனித் தேதிக்கு ஒத்துக்கொண்ட பிறகுதான் அவர் வீட்டுத் தொதல் அல்வாவைத் தொட்டேன்.

வந்து பெருமையாகச் சொன்னால் மாஷிதாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அது கர்னல் இல்லை, கெர்னலாம்; ஆளே இல்லை, கம்ப்யூட்டரின் ஆணிவேராம். ஃபங்ஷன் என்றால் ஒரு சின்ன வேலைக்கென்று பெயர் வைத்து எழுதிய பகுதியாம். நாம் எழுதுவதை மிஷினுக்குப் புரியவைக்கும் கம்பைலர், வேகத்துக்காக அதை இன்னொன்றுக்குள் கரைத்துவிட்டால், எது எப்போது ஓடியது என்று வேவு பார்க்கிறவனுக்குப் பெயரே சிக்காதாம். 'சேர்க்காதே' என்று தலையில் ஒரு வார்த்தை எழுதினால் தனியாக நிற்குமாம். அட, அதைத்தானே நானும் ஹசன் அலியிடம் செய்துவிட்டு வந்தேன்! சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். குடும்பத்தோடு டிக்கெட் போட்டுவிடுங்கள்.

தங்கச்சிக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் கை தொட்டதிலெல்லாம் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
சீனி முகம்மது

பி.கு.: டிக்கெட் போடாதீர்கள். கவரை ஒட்டும் நேரத்தில் மாஷிதா வந்து, சேர்க்கச் சொன்னதே அவள்தான் என்கிறாள். "மாப்பிள்ள தங்கச்சியும் நானும் ஒரே பந்தல்ல உக்காரணும்னு பள்ளிக்கூடத்துலயே பேசிவச்சது அத்தா. நீங்க கோவிப்பீகன்னுதான் ஹசன் அலி மாமாவ மூச்சு விடாம இருக்கச் சொன்னேன்." ஆக மச்சான், கம்பைலரைப் பெற்றவனே நான்தான். ஹசன் அலி வீட்டுக்கு மறுபடி எந்த முகத்தோடு போவது என்று மட்டும் எழுதுங்கள்.